மாவு நின்ற நேரம்

இடி விழுந்துதான் கரண்டு போனது என்று, மழை விடுவதற்கு முன்னாலேயே அந்த வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. தீர்ப்புச் சொன்னவர் ஆயா. வயது எண்பதை ஒட்டி இருக்கும். திண்ணைத் தூணில் சாய்ந்து காலை நீட்டி, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னார்.

"பளீர்னு வெட்டுச்சு. மடார்னு இடிச்சுது. எந்திரிச்சுப் போயி லைட்டப் போட்டேன், எரியல. இதுக்கு மேல என்ன வேணும்?"

பக்கத்து வீட்டுக்காரர் கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அவருக்கும் அதே கட்சி. ஆனால் ஆயாவைவிட விவரமாகப் பேசினார். கூரைமேல் இருக்கும் டிஷ் ஆண்டெனாதான் இடியை இழுத்திருக்கும். எர்த்து சரியில்லாத வீடு. செல்போனில்கூட இப்போதெல்லாம் மின்னல் வருவதைக் காட்டுகிறார்களாம், அதற்கென்று ஒன்று இருக்கிறதாம். அது உண்மைதான். புனேயில் இருக்கும் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் செய்த 'தாமினி' என்ற செயலியைத்தான் சொன்னார். ஆனால் அன்றைக்கு அந்த மேட்டில் யாருடைய போனிலும் சிக்னல் இல்லை.

பேருந்து நிற்குமிடத்தில் நிழற்குடை கிடையாது. மழைக்கு ஒதுங்கியவனுக்குத் திண்ணையின் ஓரத்தில் இடமும் ஒரு தம்ளர் வரக்காப்பியும் கிடைத்தன. நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

பெரக்கரை நாடு, கொல்லிமலையின் பதினான்கு நாடுகளில் ஒன்று. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் செம்மேடு, அறப்பளீசுவரர் கோயில், ஆகாய கங்கை என்று போய்விடுவார்கள். இந்தப் பக்கம் வருவது பேருந்தும் மிளகு வியாபாரிகளும்தான். சித்திரை மாதத்தில் இங்கே மழைக்கு ஒரு நேரக்கணக்கு உண்டு. கீழே நாமக்கல், ராசிபுரம் சமவெளி காலையிலிருந்து காய்கிறது. சூடேறிய காற்று மலைச் சரிவைப் பிடித்து மேலே வருகிறது. ஏறக்குறைய ஆயிரம் மீட்டருக்கு மேல் தூக்கப்பட்டதும் அதிலிருக்கும் ஈரம் மேகமாகிறது. மத்தியானத்துக்கு மேல் அந்த மேகம் கறுக்கிறது. உள்ளே பனித்துகளும் சின்ன ஆலங்கட்டிகளும் ஒன்றோடொன்று உரசி மின்னேற்றம் பிரிகிறது. மூன்று, நான்கு மணிக்கு உடைகிறது. அன்றும் அப்படித்தான் உடைந்தது.

ஆயா சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மின்னல் வெட்டியது. இடி இடித்தது. விளக்கு எரியவில்லை. மூன்றும் நடந்தவை. அடுத்தடுத்து நடந்ததை ஒன்றால் ஒன்று நடந்ததாக்கியது மட்டும் அவருடைய கைவேலை. அந்த வேலையை நாம் எல்லோரும் நாள்தோறும் செய்கிறோம். பல சமயம் அது சரியாகவும் இருந்துவிடுவதால்தான் பழக்கம் விடமாட்டேன் என்கிறது.

மழை தூறலாகக் குறைந்தபோது லைன்மேன் வந்தார். இருசக்கர வண்டியின் பின்னால் கயிறும் இடுப்புப் பட்டையும் கட்டியிருந்தன. ஏணியைப் பிடித்துக்கொள்ள அந்த வீட்டுப் பையனையே கூட்டி வந்திருந்தார். நாற்பது வயதுக்காரர், இதே மலையைச் சேர்ந்தவர் என்பது பேச்சில் தெரிந்தது. ஆயா முழுக்கதையையும் முதலிலிருந்து சொன்னார். அவர் நனைந்த தலையைத் துண்டால் துவட்டிக்கொண்டு, குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் ஆயாவைப் பார்க்காமல் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"உங்க வீட்ல எரியுதாண்ணே?"

"எரியுதே."

"டிம்மா எரியுதா, நல்லா எரியுதா?"

"நல்லாத்தான் எரியுது. எதுக்குக் கேக்கற?"

லைன்மேன் பதில் சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டு கேள்வியிலேயே பாதி ஊரை அவர் தள்ளிவிட்டார். கம்பத்தில் வரும் 11,000 வோல்ட் லைனில் இடி விழுந்திருந்தாலும், பக்கத்தில் விழுந்து அதன் அதிர்வு லைனில் ஏறியிருந்தாலும், முதலில் அடிவாங்குவது டிரான்ஸ்பார்மர் பக்கம். அங்கே இடிதாங்கிகள் இருக்கின்றன, பியூஸ் இருக்கிறது. அது போனால் ஒரு வீடு மட்டும் இருளாது, அந்த டிரான்ஸ்பார்மரில் தொங்கும் எல்லா வீடும் தெரிந்துகொள்ளும். மேலே மூன்று கம்பிகளில் ஒன்று மட்டும் அறுந்தால் இன்னொரு விநோதம் நடக்கும். கீழே மூன்றில் ஒரு பேஸ் நன்றாக எரியும்; மற்ற இரண்டும் ஏறக்குறைய பாதி வோல்டேஜில் அழுது வடியும். "டிம்மா?" என்று கேட்டது அதற்காக. பக்கத்து வீடு பளிச்சென்று எரிகிறது, அதே கம்பம், அதே பேஸ். ஆகவே கோளாறு அந்தக் கம்பத்துக்கும் இந்த வீட்டுச் சுவிட்சுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. நாற்பது அடி தூரம்.

அவர் மீட்டர் பலகைக்குப் போனார். கதவுக்கு மேலே, மஞ்சள் துணியில் முடிந்த எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் பலகை. பீங்கான் பியூஸ் கட்டையை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். எட்டிப் பார்த்த எனக்கும் தெரிந்தது. கம்பி முழுசாக இருந்தது. கட்டை வெள்ளை வெளேரென்று இருந்தது.

பியூஸ் கட்டை பொய் சொல்லாது என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். தாங்க முடியாத சுமை மெல்ல மெல்ல ஏறிப் போன பியூஸ் என்றால் நடுவில் மட்டும் உருகி, இரண்டு முனையும் சுத்தமாக நிற்கும். ஷார்ட் ஆகிப் போனதென்றால் கம்பி ஆவியாகி, பீங்கான்மேல் கரும்புகை அப்பியிருக்கும். இடியின் கணக்கோ வேறு. ஒரு வெட்டில் ஓடுவது சாதாரணமாக முப்பதாயிரம் ஆம்பியர் அளவில். அது ஓடும் காற்றுப் பாதை ஏறக்குறைய 30,000 டிகிரிக்குச் சூடேறுகிறது, சூரியனின் மேற்பரப்பைப்போல ஐந்து மடங்கு. வினாடியில் மிகச் சிறிய பகுதிதான் நீடிக்கும் என்றாலும், ஐந்து ஆம்பியர் கம்பி ஒன்று அதை நேரில் சந்தித்துவிட்டு முழுசாக உட்கார்ந்திருக்காது. பலகையில் கருகல் இல்லை. சுவரில் வெடிப்பு இல்லை. மீட்டரில் சின்னச் சிவப்பு விளக்கு செத்திருந்ததே தவிர, எரிந்த வாடை எதுவும் வரவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் அசரவில்லை. "உள்ள போயிருக்கும்" என்றார். எந்த உள்ளே என்று சொல்லவில்லை.

லைன்மேன் சட்டைப்பையிலிருந்து டெஸ்டரை எடுத்தார். ஊதா நிறப் பிடி, கடித்த தழும்புகளுடன். கட்டையை மறுபடி செருகிவிட்டு, கூடத்துச் சுவரில் இருந்த பிளக்கின் ஒரு ஓட்டையில் நுனியை விட்டு, தலையில் பெருவிரலை வைத்தார். பிடிக்குள் ஆரஞ்சாகச் சின்னப் பொட்டு வெளிச்சம் வந்தது. ஆயா இருந்த இடத்திலிருந்தே, "பாத்தியா, கரண்டு இருக்குதுங்கறான்" என்றார், ஏமாற்றத்தோடு. லைன்மேன் அடுத்த ஓட்டையில் விட்டார். அங்கேயும் எரிந்தது.

இரண்டிலும் எரியக் கூடாது. ஒரு ஓட்டை பேஸ், ஒன்று நியூட்ரல். நியூட்ரலில் டெஸ்டர் மௌனமாக இருக்க வேண்டும். டெஸ்டருக்குள் இருப்பது ஒரு நியான் விளக்கும் பெரிய மின்தடையும்தான். சோதிக்கிறவரின் உடம்பு வழியாகவே, உணர முடியாத அளவுக்குக் கொஞ்சூண்டு கரண்டு தரைக்குப் போய் அதை எரிய வைக்கிறது. அதாவது ஒவ்வொரு முறையும் லைன்மேன் தன்னையே சாட்சிக் கூண்டில் ஏற்றித்தான் விசாரிக்கிறார்.

"யம்மா, எல்லாச் சுவிட்சையும் நிறுத்தும்மா."

உள்ளேயிருந்து மருமகள் வந்தார். கூடத்து விளக்கின் சுவிட்சை நிறுத்தினார். இரண்டாவது ஓட்டையில் பொட்டு இன்னும் எரிந்தது.

"வேற?"

"வேற ஒண்ணும் ஓடலண்ணே. கிரைண்டருதான், அது நின்னு கெடக்குது."

"சுவிட்சு?"

மருமகள் நாக்கைக் கடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். சுவிட்சு தட்டும் சத்தம் கேட்டது. ஆரஞ்சுப் பொட்டு அணைந்தது.

லைன்மேன் முதல்முறையாகத் திருப்தியோடு தலையாட்டினார். பேஸ் வீட்டுக்குள் வந்து, போட்டபடி விட்டிருந்த கிரைண்டரின் மோட்டாருக்குள் சுற்றி, மறுபக்கம் நியூட்ரல் கம்பியில் வந்து நின்றுகொண்டிருந்தது. வெளியேற வழியில்லை. வழி இருந்திருந்தால் கிரைண்டர் சுற்றியிருக்கும். சுவிட்சை நிறுத்தியதும் அந்தப் பாலம் எடுபட்டது, நியூட்ரல் மௌனமானது. வீட்டு வயரிங்கில் கோளாறில்லை, மீட்டரில் இல்லை, பியூஸில் இல்லை. வெளியே நியூட்ரல் அறுந்திருக்கிறது.

"இது எரியாத லைன்னு நெனச்சு யாரும் கை வெச்சிராதீங்க" என்றார், குறிப்பாகப் பலகைக்குக் கீழே முக்காலியில் ஏறியிருந்த பையனைப் பார்த்து. "ரெண்டு கம்பியும் இப்ப அடிக்கும்." பையன் இறங்கினான்.

1749இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன் குறிப்பேட்டில், மின்னலும் ஆய்வறையில் உண்டாக்கும் மின்பொறியும் எந்தெந்த வகையில் ஒத்திருக்கின்றன என்று ஒரு பட்டியல் போட்டார். நிறம், கோணலான ஓட்டம், வேகம், உலோகத்தில் பாய்வது, வெடிச்சத்தம், இப்படி. பட்டியல் நீளமானது. அத்தனை ஒற்றுமை இருந்தும் அவர் அதை முடிவாக எடுத்துக்கொள்ளவில்லை, சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எழுதினார். 1752 மே மாதம் பிரான்சில் தாலிபார் என்பவர் அவர் சொன்னபடி கம்பி நட்டு மேகத்திலிருந்து பொறி எடுத்துக் காட்டினார். பட்டம் விட்ட கதையும் அதே ஆண்டுதான். அடுத்த ஆண்டு பீட்டர்ஸ்பர்க்கில் அதே சோதனையைச் செய்த ரிக்மான் மின்னல் தாக்கி இறந்தார். இந்தப் பெரிய பெயர்களை ஒரு கிரைண்டர் சுவிட்சுக்குப் பக்கத்தில் நிறுத்துவது அதிகப்படி என்று தோன்றலாம். எனக்குத் தோன்றவில்லை. ஒன்றைச் சந்தேகப்பட்டு, அது மெய்யென்றால் இன்னது நடக்க வேண்டும் என்று சொல்லி, செய்து பார்ப்பது இரண்டு இடத்திலும் ஒன்றே. லைன்மேனிடம் பட்டம் இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் ஆயாவின் வழக்கு இன்னும் தோற்கவில்லை. நியூட்ரல் அறுந்திருக்கலாம், அறுத்தது இடி என்று சொல்ல இடம் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அந்த இடத்தை உடனே பிடித்துக்கொண்டார். "அதான் சொல்றேன், கம்பில விழுந்து அத்துருக்கும்."

அப்போதுதான் மருமகள் வாயைத் திறந்தார். யாருக்கும் பதிலாகச் சொன்னது மாதிரி இல்லை. மாவைப் பற்றிய கவலை.

"மூணரை பஸ் போறப்ப உளுந்தப் போட்டேண்ணே. அது பொங்கி வர அர மணி நேரமாவது ஆவும். நொறநொறன்னு நிக்குது பாரு."

கிரைண்டர் குண்டானை அப்படியே தூக்கி வந்து காட்டினார். பல வீடுகளில் இன்னும் உழைக்கும், 2011க்குப் பிறகு அரசு கொடுத்த விலையில்லாக் கிரைண்டர் அது. லைன்மேன் இரண்டு விரலால் கொஞ்சம் மாவை எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். உளுந்தின் தோல் போன வெள்ளை, ஆனால் பொங்கல் இல்லை. விரலிடுக்கில் மணல்போல் நெருடியது. ஓரத்தில் தண்ணீர் தனியாக நின்றது. பத்து நிமிடத்துக்கு மேல் கல் சுற்றியிருக்காது.

"எப்ப நின்னுச்சு?"

"காத்து வந்துச்சில்ல, அப்ப. களத்துல மொளவு காயுது. நின்னா நிக்குதுன்னு போட்டுட்டு ஓடிட்டேன். எப்பவும் போறதுதானே, வந்துரும்னு நெனச்சேன்."

"அப்ப இடி இடிச்சுதா?"

மருமகள் யோசித்தார். மிளகை வாரி, தார்ப்பாயில் சுற்றி, உள்ளே கொண்டு வந்து, மறுபடி போய் மிச்சத்தைக் கூட்டி அள்ளி... "மொளவு பூராவும் உள்ள வந்தப்புறம்தான் மழையே வந்துச்சு."

பையன் தன் பங்குக்குச் சொன்னான். முழுப் பரீட்சை. கடைசி மணி அடித்து வெளியே வரும்போதுதான் முதல் மின்னல். வாத்தியார் யாரையும் புளியமரத்துப் பக்கம் போகவிடவில்லை, வராந்தாவிலேயே நிற்க வைத்தார். கடைசி மணி நாலு பத்துக்கு.

மூன்றரைப் பேருந்து, பத்து நிமிட மாவு, நாலு பத்து மணி. கரண்டு போய் அரைமணி நேரம் கழித்துத்தான் வானத்தில் முதல் வெட்டு. ஆயா அந்த அரைமணி நேரமும் திண்ணையில் இருந்தார். பகல் வெளிச்சத்தில் வீட்டுக்குள் கரண்டு இருக்கிறதா இல்லையா என்று அவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. மேகம் கவிந்து இருட்டியது, பெரிய இடி இடித்தது, பயந்து உள்ளே போய்ச் சுவிட்சைப் போட்டார். அவர் பார்த்தது கரண்டு போனதை அல்ல, போய்விட்டிருந்ததை.

இடிமேகத்திலிருந்து குளிர்ந்த காற்று கீழே இறங்கித் தரையில் மோதி நாலாபக்கமும் விரிந்து ஓடும். மழைக்கும் சில சமயம் மின்னலுக்கும் முன்னால் ஊருக்குள் வருவது அந்தக் காற்றுதான். மிளகைக் காயப்போட்டிருக்கும் பெண்களுக்கு இது வானிலை நிலையத்தைவிட நன்றாகத் தெரியும். ஒன்று மட்டும் அந்த மருமகளிடம் சொல்ல வேண்டுமென்று நினைத்தேன், சொல்லவில்லை. இந்தியாவில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மின்னலில் சாகிறார்கள். அவர்களில் மிகப் பலர் வயலிலோ களத்திலோ மரத்தடியிலோ நின்றவர்கள். டிஷ் ஆண்டெனா இருக்கும் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்த ஆயாவைவிட, கடைசிப் படி மிளகுக்காகக் களத்துக்கு ஓடியவர்தான் அன்றைக்கு ஆபத்தில் இருந்தவர்.

ஆயாவிடம் லைன்மேன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதுவும் மரியாதைக்குக் கேட்டது போல.

"ஆயா, வெட்டுனதும் இடிச்சுதா, கொஞ்ச நேரம் கழிச்சா?"

"வெட்டுனதும் அர்ச்சுனா அர்ச்சுனான்னேன். அப்புறம் இடிச்சுது."

"எத்தன தடவ சொன்னே?"

"எண்ணிக்கிட்டா சொல்லுவாங்க? அஞ்சாறு தடவ இருக்கும்." பிறகு, சாட்சியம் பலவீனமாகிவிடக் கூடாது என்பதுபோல அவரே கண்ணை மூடிச் சொல்லிக் காட்டினார். அவசரமில்லாத, பல்லில்லாத வாயில் வருகிற அர்ச்சுனாக்கள். ஒன்றுக்கு ஒரு வினாடிக்குக் குறையாது. ஆறாவது முடிந்ததும் தொடையில் தட்டி, "மடார்!" என்றார்.

ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் ஓடுகிறது, கிலோமீட்டருக்கு மூன்று வினாடி. மின்னலின் வெளிச்சம் வந்துசேர நேரமே ஆவதில்லை. ஐந்தாறு அர்ச்சுனாவுக்குள் இரண்டு கிலோமீட்டர் அடங்கும். பெரிய இடி விழுந்த இடம் இந்தக் கூரை இல்லை, பள்ளத்தைத் தாண்டி எதிர்க்கரை மேட்டில் எங்கோ. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் இடியை விரட்டத் தேவாலய மணியை அடித்தார்கள். உயர்ந்த கோபுரத்தில் ஈரக் கயிற்றைப் பிடித்து நின்றதால் அடித்தவர்கள் பலர் செத்தார்கள். திண்ணையில் உட்கார்ந்து அர்ச்சுனன் பெயரைச் சொல்வதில் அந்த அபாயம் இல்லை. தூரமும் தெரிகிறது.

லைன்மேன் அந்தக் கணக்கை வாய்விட்டுச் சொல்லவில்லை. "எட்டத்துல விழுந்திருக்கு ஆயா" என்றார்.

"நான் பேரச் சொன்னதுனால எட்டத்துல விழுந்துச்சு" என்றார் ஆயா.

இதற்கு எந்த டெஸ்டரும் கிடையாது. லைன்மேன் ஏணியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

டிரான்ஸ்பார்மரில் லைனை நிறுத்திவிட்டு வந்தார். இப்போது பக்கத்து வீடும் இருண்டது. அந்த வீட்டுக்காரர் முணுமுணுத்தார். பையன் ஏணியைப் பிடிக்க, லைன்மேன் இடுப்புப் பட்டையைக் கம்பத்தில் சுற்றி மாட்டிக்கொண்டு ஏறினார். வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர் கம்பத்திலிருந்து தாங்குகம்பியோடு சேர்ந்து தாழ்வாக வந்தது. நடுவழியில் ஒரு சில்வர் ஓக் மரத்தின் கிளை அதன்மேல் சாய்ந்திருந்தது. அந்த மரத்தில் மிளகுக் கொடி கழுத்துவரை ஏறியிருந்தது. இந்த மலையில் மிளகு இல்லாத சில்வர் ஓக்கைத் தேடித்தான் பார்க்க வேண்டும். நேராக, வேகமாக வளரும் என்பதற்காகக் காப்பித் தோட்டக்காரர்கள் கொண்டுவந்த ஆஸ்திரேலிய மரம். கிளை எளிதில் முறியும். நிழல் மிஞ்சாமல் இருக்க ஆண்டுதோறும் கிளையை வெட்டிவிட வேண்டும். இதை வெட்டி இரண்டு ஆண்டாவது ஆகியிருக்கும். கிளை வயரைத் தொட்ட இடத்தில் மேலுறை வழவழவென்று தேய்ந்து, மரப்பட்டையின் பழுப்புக் கறை ஏறியிருந்ததைக் கீழிருந்தே பார்க்க முடிந்தது.

மேலேயிருந்து ஒரு விரல்நீளத் துண்டு விழுந்தது. பையன் பாய்ந்து எடுத்தான். சற்று நேரம் வைத்திருந்துவிட்டு, பெரியவர்கள் கேட்பார்கள் என்ற எண்ணத்தில் என் கையில் கொடுத்தான். அலுமினியக் கம்பி, ஏழு இழை. நுனிகளைத் திருப்பிப் பார்த்தேன். மூன்று இழைகள் மங்கிச் சாம்பல் பூத்து இருந்தன, அந்த முறிவில் அழுக்கு உட்கார்ந்திருந்தது. மற்ற நான்கும் பளபளத்தன. அவற்றில் ஒன்றின் முனையில் மட்டும் கடுகில் பாதியளவு உருண்டை, உருகி உறைந்தது. அவை ஒரே நாளில் அறுந்தவை அல்ல. மூன்று எப்போதோ போய், மிச்சம் நான்கு பாரத்தைச் சுமந்து, ஒவ்வொரு காற்றுக்கும் ஆடி ஆடி, இன்றைக்கு மூன்று நாற்பதுக்குப் போயிருக்கின்றன. இடி என்றால் ஏழும் ஒன்றாகப் போயிருக்கும், பீங்கான் இன்சுலேட்டர் சிதறியோ கருகியோ இருக்கும். இன்சுலேட்டர் காக்கை எச்சத்தைத் தவிர வேறு கறை இல்லாமல் இருந்தது.

"ராத்திரில காத்தடிச்சா லைட்டு விட்டு விட்டு எரிஞ்சுதாம்மா?" என்று மேலிருந்தபடியே கேட்டார் லைன்மேன்.

"ஆமாண்ணே. ஒரு மாசமா." மருமகள் ஆச்சரியப்பட்டார். "பல்பு சரியில்லன்னு ரெண்டு தடவ மாத்துனோம்."

பழைய நுனியை வெட்டி, கம்பியைச் சுரண்டி, புதுசாக முறுக்கிக் கட்டினார். கட்டிங் பிளேயரை இடுப்பில் செருகிக்கொண்டு, இறங்கும்போது மரத்தைக் காட்டினார்.

"இந்தக் கெளைய வெட்டிரணும். இல்லீன்னா அடுத்த காத்துக்கும் இதேதான். யாரு மரம்?"

யாரும் உடனே பதில் சொல்லவில்லை. மருமகள் தரையைப் பார்த்தார். ஆயா வெற்றிலையை மென்றார். பக்கத்து வீட்டுக்காரர் கோணிப்பையை மடித்து உதறினார்.

"மொளவு இருக்குதே" என்றார் கடைசியில். "பூவெடுக்கற நேரத்துக்கு முன்னாடி பாக்கலாம்."

அவர் மரம்தான். இடியின் பக்கம் நின்று அவ்வளவு விவரமாக வாதாடியவர். தெரிந்தே வாதாடினார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, தெரிந்திருக்காமலும் இருக்கலாம். எந்த விளக்கம் நமக்கு வசதியோ அதற்குச் சான்று கேட்கத் தோன்றாது, அவ்வளவுதான் நடந்திருக்கும்.

கரண்டு வந்தது. கூடத்து விளக்கு எரிந்தது. மருமகள் முதல் வேலையாகக் குண்டானைக் கொண்டுபோய்ப் பொருத்தினார், கல் கடகடத்துச் சுற்றத் தொடங்கியது. பையன் டிவியைப் போட்டான். டிவி வந்தது. பெட்டி வரவில்லை. செட்டாப் பாக்ஸில் விளக்கே இல்லை. ஒயரைப் பிடுங்கிச் செருகினான், தட்டினான், வாயால் ஊதினான்.

ஆயா தூணிலிருந்து நிமிர்ந்தார். "இப்ப என்ன சொல்றே?"

லைன்மேன் அடாப்டரைப் பிடுங்கி மோந்து பார்த்தார். காதருகே ஆட்டிப் பார்த்தார். வாடை இல்லை, சத்தம் இல்லை. கடைசியாக எப்போது ஓடியது என்று கேட்டார். காலையில் ஓடியது. மத்தியானத்துக்கு மேல் யாரும் போடவில்லை. கூரையிலிருந்து டிஷ் ஒயர் நேராகப் பெட்டிக்குள் வருகிறது. பக்கத்தில் மின்னல் வெட்டும்போது அந்த ஒயரில் தூண்டப்பட்டு ஏறும் வோல்டேஜுக்குப் பெட்டி போவது உண்டு. ஒரு மாதமாக நியூட்ரல் விட்டு விட்டுப் பொறிபறந்ததில் அடாப்டர் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்திருக்கலாம். வாங்கி எத்தனை வருடம் என்று பார்த்தால் வயசானதால் போயிருக்கவும் கூடும். மாவு மாதிரியோ கம்பித் துண்டு மாதிரியோ நேரம் சொல்ல இதில் ஒன்றும் இல்லை.

"இது இடியாவும் இருக்கலாம், ஆயா. என்னால சொல்ல முடியாது."

அன்று மாலை அவர் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த ஒரு வாக்கியம். கம்பத்தில் சரியாகச் சொன்னவர் என்பதற்காகப் பெட்டியிலும் சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஆயாவுக்கோ அது போதுமானதாக இருந்தது. 'இருக்கலாம்' அவர் காதில் விழவில்லை, 'இடி' விழுந்தது.

பேருந்து வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. பெட்டியை மஞ்சள்பையில் சுற்றி, செம்மேட்டில் ரிப்பேர் கடையில் கொடுத்துவிடச் சொல்லி மருமகள் நடத்துநரிடம் நீட்டினார். ஆயாவின் குரல் திண்ணையிலிருந்து கூடவே வந்தது, இடி விழுந்த பெட்டி என்று சொல்லிக் கொடு என்று. நடத்துநர் பையை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்தார். இரண்டாவது வளைவு தாண்டுவதற்குள், பெரக்கரையில் ஒரு வீட்டின்மேல் இடி விழுந்து கம்பி அறுந்து டிவி வெடித்துவிட்டது என்று முன்சீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

முன்சீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. அன்னாசிக் கூடையை மடியில் வைத்திருந்தார். இடி விழுந்தது வீட்டில் இல்லை, எதிர்க்கரைத் தோட்டத்தில். தான் நேரில் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார். உச்சியிலிருந்து அடிவரைக்கும் ஒரு சாண் அகலத்துக்குப் பட்டை உரிந்து, உள்மரம் வெள்ளையாகத் தெரிகிறதாம். உரிந்த பட்டை இருபது அடி தள்ளிக் கிடக்கிறதாம். மரத்தில் இருந்த மிளகுக்கொடி ஒரு பக்கம் மட்டும் வெந்துபோய்த் தொங்குகிறதாம். மின்னல் பாயும்போது மரத்தின் ஈரம் ஒரே நொடியில் ஆவியாகிப் பட்டையைத் தூக்கி எறியும். பார்க்காதவர் இட்டுக்கட்டக்கூடிய விவரங்கள் அல்ல இவை.

"பெட்டிய கையில வெச்சிருக்கேன், இல்லங்கறீங்களே" என்றார் நடத்துநர்.

"மரத்த நான் பாத்துட்டு வர்றேன்."

"ஒரே ஒரு பெரிய இடிதானே இடிச்சுது?"

"ஒண்ணுதான்."

நடத்துநர் பையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். சில்லறையை எண்ணி முடித்தார்.

"அப்ப ரெண்டா பிரிஞ்சு விழுந்திருக்கும்" என்றார். முன்சீட்டுக்காரருக்கும் அது நியாயமாகப் பட்டது. டிக்கெட்டுக்கு நான் நீட்டிய ஐம்பது ரூபாய்க்கு மிச்சம் அப்புறம் தருவதாகச் சொல்லிவிட்டு நடத்துநர் பின்பக்கம் போனார்.